ஓவன் கதவு லாக் ஆகிவிட்டதா? பலரும் செய்யும் தவறுகள்

செல்ஃப் கிளீன் (ஓவன் தானே கடுமையாகச் சூடேறி உள்ளே ஒட்டிய அழுக்கை எரிக்கும் புரோகிராம்) முடிந்துவிட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. டிஸ்பிளேயில் ஏதோ ஒரு எர்ரர் கோடு விட்டு விட்டு எரிகிறது. இந்த நேரத்தில் பலரும் முதலில் செய்வது, கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். சின்னக் கோளாறாக இருந்தது, வளைந்த கொக்கி, இளகிய கீல், விரிசல் விட்ட கண்ணாடி என்று பெரிய செலவில் போய் நிற்கும்.

செல்ஃப் கிளீன் ஓடும்போது உள்ளே வெப்பம் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் கதவைத் திறந்தால் ஆளுக்கு ஆபத்து. அதனால் உள்ளே போதுமான அளவு ஆறும்வரை கன்ட்ரோல் போர்டு (ஓவனை இயக்கும் மின்னணுப் பலகை) லாக்கை விடாது. எவ்வளவு ஆற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். புரோகிராம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கதவு பூட்டியே இருப்பது சகஜம்தான், பொறுத்திருந்தாலே போதும்.

அவசரப்பட்டு, ஓவனுக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை ஆஃப் செய்வதும் தவறு. சூடாக இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால், பல மாடல்களில் போர்டையும் வயர்களையும் குளிரவைக்கும் ஃபேனும் நின்றுவிடும். நன்றாக ஆறிய பிறகு ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்து உடனே ஆன் செய்வதிலும் பலன் இல்லை, ஐந்து நிமிடமாவது விடுங்கள். திரும்ப ஆன் செய்ததும் லாட்ச் (கதவைப் பிடித்துப் பூட்டும் கொக்கி) இருக்கும் பக்கம் காதைக் கொடுங்கள். பெரும்பாலும் போர்டு லாக் மோட்டாரை ஓட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும். மெல்லிய உறுமல் கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் தேட வேண்டிய இடம் வேறு.

இன்னொன்று, டிஸ்பிளேயில் பூட்டுப் படம் தெரிந்தாலே கதவு லாக் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குழந்தைகள் பட்டனை அழுத்தாமல் இருக்க வைத்திருக்கும் கன்ட்ரோல் லாக்காகவும் இருக்கலாம். உரிய பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் அது போய்விடும்.

அதிகம் பணம் வீணாவது எர்ரர் கோடைப் பார்த்தவுடன் லாக் மோட்டாரை ஆர்டர் செய்வதில்தான். ஒரே கோடு வெவ்வேறு கம்பெனிகளில் வெவ்வேறு அர்த்தம் தரும், அதனால் உங்கள் மாடலுக்கான கையேட்டைப் பாருங்கள். சரியான அர்த்தம் தெரிந்தாலும் எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் கோடு சொல்லிவிடாது. கதவு எந்த நிலையில் இருக்கிறது என்று தனக்குப் புரியவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் போர்டு அதன் மூலம் சொல்கிறது.

லாக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் மேடுபள்ளமான ஒரு கேம், அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு மைக்ரோ ஸ்விட்ச். கேம் சுற்றும்போது அதன் மேடு ஸ்விட்சின் நாக்கை அழுத்தும், டிக் என்று சத்தம் வரும். கதவு பூட்டியதா, திறந்ததா என்று போர்டுக்குத் தெரிவது அந்த ஒரு டிக்கில்தான். மோட்டார் நன்றாகச் சுற்றினாலும், ஸ்விட்ச் முனையில் கரி பிடித்திருந்தாலோ, சூட்டில் கனெக்டர் இளகியிருந்தாலோ எர்ரர் வரத்தான் செய்யும். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, கனெக்டர்களை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ஸ்விட்சின் நாக்கை அழுத்தியும் விட்டும் மல்டிமீட்டரில் தொடர்பு மாறுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் வெப்ப சென்சார். சென்சார் தப்பாகச் சொன்னால், ஆறிப்போன ஓவனையும் சூடாக இருப்பதாக எண்ணி போர்டு பூட்டியே வைத்திருக்கும். பல ரேஞ்சுகளில் (அடுப்பும் ஓவனும் ஒன்றாக இருப்பவை) அறை வெப்பத்தில் இந்த சென்சார் ஏறக்குறைய 1,080 முதல் 1,100 ஓம் காட்டும். அளவு எங்கேயோ போயிருந்தால் லாக்கைக் குறை சொல்வது நியாயமில்லை. டிஸ்பிளேயே எரியவில்லை, கதவும் பூட்டியிருக்கிறது என்றால், அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கப் பிரச்சினையும் உண்டு: கதவு பூட்டவே மாட்டேன் என்கிறது. அப்போது கதவு விளிம்பில், ஓவன் சட்டத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைப் பாருங்கள். விரலால் அமுக்கினால் பெரும்பாலான மாடல்களில் உள்விளக்கு அணையும். பிசுக்கு ஏறி அது உள்ளே அமுங்காமல் சிக்கிக்கொண்டால், கதவு திறந்தே இருப்பதாக போர்டு நினைக்கும்.

லாட்ச் இறுகியிருக்கிறது என்று சமையல் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அடுத்த செல்ஃப் கிளீனில் அது கருகிப் பிசினாகும், புகையும் கிளம்பும். ஸ்விட்ச் வயர்களை நேரடியாக இணைத்து லாக்கை ஏமாற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேஸ் ரேஞ்சாக இருந்து, பின்பக்கம் பார்க்க வெளியே இழுக்க வேண்டுமென்றால் முதலில் கேஸ் வால்வை மூடுங்கள். கேஸ் வாசனை வந்தாலோ, போர்டிலேயே கை வைக்க வேண்டி வந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பாகத்தை மாற்றிய கையோடு முழு செல்ஃப் கிளீனைப் போட்டுச் சோதிக்காதீர்கள். செல்ஃப் கிளீனை ஆரம்பித்து, கதவு பூட்டியதும் கேன்சல் செய்யுங்கள். ஓவன் இன்னும் சூடேறாத அந்த நிலையில் சில நிமிடத்துக்குள் லாக் விடவில்லையென்றால், கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது.