மலை நடைக்குத் துணி எடுப்பது: போடியிலிருந்து ஒரு தையல்காரி

போடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சீருடை, ஜாக்கெட், சுடிதார் இவைதான் அன்றாட வேலை. மார்கழிக் குளிர் தொடங்கும்போது மட்டும் வேறொரு கூட்டம் வரும். மூணாறு பக்கம் மலை நடைக்குக் கிளம்பும் பிள்ளைகள். கையில் புது ஜீன்ஸை வைத்துக்கொண்டு, "அக்கா, தொடையில கொஞ்சம் லூசாக்கித் தாங்க, ஏறுறதுக்கு வசதியா இருக்கும்" என்பார்கள். பிரித்துத் தைத்தும் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன் உட்காரவைத்து, இந்தத் துணி அந்த மலைக்கு ஆகாது என்று சொல்லிவிடுவேன். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நானும் மலை ஏறுகிறவள், துணியோடு பிழைக்கிறவள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவிலுள்ள இந்த எல்லை மலைகளில் ஆளை வாட்டுவது குளிரைவிட ஈரம்தான். அதனால் துணி எடுக்கும்போது, நனைந்தால் இது எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். மூணாறு பக்கத்து மீசப்புலிமலை 2,640 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. போடியில் நண்பகல் 32 டிகிரி என்றால் உச்சியில் 18 இருக்கும். அதுவும் காற்றும் மழையும் இல்லாதபோது. ஆனி, ஆடியில் நம் பக்கத்து மலையடிவாரமான முந்தலில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கத்துப் பூப்பாறைக்குப் போனால் மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கமும் நனையும். ஜனவரியில் மூணாறைச் சுற்றிச் சில இடங்களில் விடியற்காலை புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஒரே நாளில் வியர்வையும் சாரலும் குளிர்காற்றும் மாறி மாறி வரும் ஊர் இது.

பருத்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சமவெளி வெயிலுக்கு அதைப் போல வேறொன்றும் இல்லை. வியர்வையை உறிஞ்சி, மெல்லக் காய்ந்து, உடம்பைக் குளிர்விக்கும். கீழே சுகமாக இருக்கும் அந்தக் குணமே முகட்டில் காற்றடிக்கும்போது ஆபத்தாகிவிடும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்தி பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். சும்மா அலமாரியில் கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு பருத்தி பனியனையும் ஒரு விளையாட்டு ஜெர்சியையும் நனைத்துப் பிழிந்து நிழலில் கொடியில் போடுங்கள். ஜெர்சி காய்ந்து வெகுநேரம் கழித்தும் பனியனின் ஓரம் சில்லென்று இருக்கும்.

ஆகவே உடம்பை ஒட்டிப் போடுவதற்கு பாலியஸ்டர் பனியன். இதற்குப் பெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு மலிவாகக் கிடைக்கும். நம் ஊர்ச் சந்தைக்கும் அந்தச் சரக்கு வரும். 'ட்ரைஃபிட்' என்றோ 'டாட் நிட்' என்றோ கேளுங்கள். டாட் நிட் என்பது பொடிப் பொடித் துளை போட்ட பின்னல், காற்று நன்றாகப் போகும். முழுக்கை எடுப்பது நல்லது. வெயில், முள், பூச்சி மூன்றுக்கும் காவல். வெளிர் நிறமாக இருந்தால் ரத்தம் குடிக்கும் அட்டை ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பளீரென்ற ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் காட்டுக்கு வேண்டாம், சாம்பல், காக்கி, மங்கிய பச்சை போதும்.

மிஞ்சிய சரக்கில் லேபிளைப் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். என்ன துணி என்று கடைக்காரரும் சரியாகச் சொல்ல மாட்டார். நாங்கள் செய்வது இதுதான். உள்பக்கத் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நூலை உருவி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, மெத்தென்ற சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். முடி பொசுங்கும் வாசனை வந்தால் கம்பளி. சாம்பலும் மணியும் கலந்தாற்போல் இருந்தால் கலப்பு நூல். டெரிகாட்டன் அந்த வகைதான், பாதகமில்லை, பருத்தியைவிடச் சீக்கிரம் காயும். தையல் நூலே சில நேரம் பாலியஸ்டராக இருக்கும். அதனால் உருவுவது துணியின் நூல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு மேலே போடுவதில் ஒரு பொறி இருக்கிறது. 'ஃப்ளீஸ்' என்று கேட்டால் திருப்பூரில் பலர் எடுத்துக்கொடுப்பது உள்பக்கம் சொரசொரப்பாகத் துலக்கிய பருத்தித் துணி. தொப்பி வைத்த கனத்த ஹூடி எல்லாம் அதில்தான் தைக்கிறார்கள். நனைந்தால் தூக்க முடியாது, இரண்டு நாள் ஆனாலும் காயாது. உங்களுக்கு வேண்டியது போலார் ஃப்ளீஸ், முழுக்கப் பாலியஸ்டர். இரண்டு பக்கமும் பஞ்சுபோல் இருக்கும், கையில் எடுத்தால் எடையே தெரியாது. 100 ஜிஎஸ்எம் என்பது மெல்லியது, 200 நம் மலைகளுக்கு இரவிலும் தாங்கும். 300 இமயமலைக்குப் போகிறவர்களுக்கு. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, அவ்வளவுதான். டெகாத்லான் என்ற விளையாட்டுப் பொருள் கடையில் எளிய ஃப்ளீஸ் கட்டுபடியாகும் விலைக்குக் கிடைக்கிறது, அந்த ஒன்றை மட்டும் அங்கே வாங்கச் சொல்வேன். குளிர்காலத்தில் தெருவோரம் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டரும் மோசமில்லை. பெரும்பாலும் அக்ரிலிக் நூல், கதகதப்பாக இருக்கும். பின்னல் இளகியது, காற்று உள்ளே புகும், அதனால் மேலே ஒரு காற்றுத் தடுப்பு போட்டே ஆக வேண்டும். எந்தத் துணி காற்றைத் தடுக்கும் என்று தெரிந்துகொள்ள, வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் கைக்குத் தெரிந்தால் முகட்டுக் காற்றும் தெரியும்.

ஒரே கனத்த உடையைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போடலாம். வியர்த்த பிறகு கழற்றுவது தாமதம். வியர்க்கப் போகிறது என்று தெரியும்போதே கழற்றிவிட வேண்டும்.

பேன்ட்டுக்கு வருகிறேன். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், முழங்காலைப் பிடிக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். பருத்தி லெக்கிங்ஸும் அதே கதைதான், கூடவே முள்ளும் அட்டையும் அதைத் தாண்டிக் கடிக்கும். 'என்.எஸ். லைக்ரா' என்று சொல்லும் நான்கு பக்கமும் இழுபடும் துணியில் தைத்த ட்ராக் பேன்ட், அல்லது மெல்லிய நைலான் பேன்ட் எடுங்கள். கடையிலேயே போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள். பிறகு ஒரு காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள். இடுப்பு இறங்காமல், முழங்காலில் இறுகாமல் இருந்தால் சரி. அடுத்து உள்ளே திருப்பிப் பாருங்கள். இரண்டு காலும் சேரும் இடத்தில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்தித்தால் அங்கேதான் முதலில் கிழியும். டைமண்ட் வடிவத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் அது யோசித்துத் தைத்த பேன்ட். இல்லாவிட்டால் உங்கள் ஊர்த் தையல்காரரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், சின்ன வேலைதான். ஒரு அங்குலத்துக்கு 10, 12 தையல் விழுந்திருக்க வேண்டும். ஆறு, ஏழுதான் என்றால் கையால் இழுத்தாலே இடைவெளி தெரியும். பை ஓரங்களில் குறுக்காக நெருக்கிக் கட்டிய தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிப்பைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். திக்கினால் வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பேன்ட்டில் பையே வைக்காமல் விற்கிறார்கள். ஃபோனும் விசிலும் வைக்க இடுப்புக்குக் கீழே ஜிப் வைத்த ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். சுடிதார்தான் வசதி என்றால் அதிலேயே நடக்கலாம், டாப் முழங்காலுக்கு மேல் நிற்க வேண்டும், சைடு ஓப்பனை உயர்த்த வேண்டும், துணி டெரிகாட்டனோ மெல்லிய பாலியஸ்டரோ ஆக இருக்க வேண்டும், துப்பட்டா பைக்குள் போய்விட வேண்டும். ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போகும் எங்கள் அக்காமார் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போடுவார்கள். முள்ளுக்கும் பூச்சிக்கும் அவர்கள் கண்ட வழி அது. உள்ளாடையும் பருத்தி வேண்டாம், தையல் தடிமனாக உள்ளதும் வேண்டாம். உரசும் இடத்தில் முதல் நாள் காலையே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பெரிய உபகாரம்.

அட்டை கடிக்காமல் காலில் மாட்டும் உறையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், தைத்துக்கொள்ளுங்கள். தேக்கடியில் காட்டு நடைக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பதும் இதே மாதிரிதான். சாதாரண சாக்ஸ் பின்னல் துணி, அதன் துளை வழியே அட்டை மெலிந்து நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த காடாத் துணி வேண்டும். 36 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் ஒரு ஜோடிக்குப் போதும். உங்கள் பாதத்தையும் முழங்கால் வரைக்கும் காலையும் காகிதத்தில் பக்கவாட்டில் வரைந்து, சுற்றிலும் நான்கு விரல் தளர்வு விட்டு, தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். ஒரு காலுக்கு இரண்டு துண்டு. இரட்டைத் தையல் போட்டு, தையல் ஓரம் வெளியே இருக்கும்படி அணியுங்கள், உள்ளே இருந்தால் விரலை உரசும். மேல் விளிம்பை மடித்து நாடா கோத்துவிடுங்கள். சாக்ஸுக்கு மேலே இது, பேன்ட் கால் இதற்குள்ளே, இதற்கு மேல் ஷூ. நாடா கட்டும் இடத்தில் புகையிலை ஊறிய தண்ணீர் தடவினால் அட்டை அதைத் தாண்ட யோசிக்கும். காடா பருத்திதானே, நனையாதா என்று கேட்பார்கள். நனையும், ஆனால் நடக்கிற கால் சூடாகவே இருக்கும், இங்கே நெசவின் நெருக்கம்தான் முக்கியம்.

சாக்ஸ் நைலான் அல்லது கம்பளி கலந்தது. இரண்டு ஜோடி நடக்க, ஒரு ஜோடி தூங்க மட்டும். அந்தத் தூங்கும் ஜோடியை எவ்வளவு மழையிலும் வெளியே எடுக்கக் கூடாது.

மழைக்கு, இருக்கிற காசில் பெரும்பங்கை இதில் போடுங்கள். பைக் ஓட்டும் கனத்த பிவிசி கோட்டு தண்ணீரை விடாது, வியர்வையையும் விடாது, ஏறும்போது உள்ளேயே நனைந்துவிடுவீர்கள். நல்ல கோட்டை அடையாளம் காண உள்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு தையலுக்கும் மேல் கண்ணாடிபோல் ஒரு டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன துளை வழியேதான் தண்ணீர் வரும், டேப் இல்லாத கோட்டு சாரலுக்கு மட்டும் உதவும். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பதை லேபிளில் மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். 2,000 மி.மீ. என்றிருந்தால் சிறு மழை தாங்கும். பையின் வார் தோளில் அழுத்த, மணிக்கணக்கில் ஆடி மழையில் நடக்க 10,000 வேண்டும். அக்குளில் திறக்கும் ஜிப் இருந்தால் விடாதீர்கள். இவ்வளவு செலவு முடியாது என்றால், தலை வழியே போர்வைபோல் மாட்டிக்கொள்ளும் போஞ்சோ வாங்குங்கள். பையையும் சேர்த்து மூடும், காற்றோட்டமும் இருக்கும். முகட்டில் மட்டும் பறக்கும், இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் முன்பு கம்பளியை மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை கொங்காணி போட்டுக்கொள்வார்கள். போஞ்சோவின் வேலையும் அதுதான். பைக்குள் துணிகளைக் காக்க, யூரியா மூட்டையின் உள்ளே வரும் தடித்த பாலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் உறைகளைவிட உழைக்கிறது.

இதுவரை செயற்கை நூலைப் புகழ்ந்தேன். அதன் கெட்ட குணத்தையும் சொல்ல வேண்டும். தீயில் அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நாள் மறக்காது. புல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் மலைக்குப் போகவே வேண்டாம். எந்த உடையும் அங்கே காப்பாற்றாது. மற்ற மாதங்களிலும் வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும். சமைக்கும் அடுப்புப் பக்கம் உட்காரும்போது நைலான் கோட்டையும் ஃப்ளீஸையும் கழற்றிவைத்து, பருத்தித் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பொறி பட்டாலும் ஃப்ளீஸில் ஓட்டைதான்.

வந்ததும் துவைப்பதில் கொஞ்சம் கவனம். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் வேண்டாம், அது நூலில் படிந்து வியர்வை இழுக்கும் தன்மையைக் கெடுக்கும். வெந்நீரும் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் லேசான சோப்பு, நிழலில் காயவைத்தல், அது போதும். மழைக்கோட்டை ஈரத்தோடு பைக்குள் சுருட்டி மாதக்கணக்கில் போட்டால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். பழைய கோட்டு வாங்குகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், உள்ளே கையை விட்டால் ஒட்டினால் வாங்காதீர்கள். உங்கள் கோட்டை நன்றாகக் காய்ந்த பிறகு ஹேங்கரில் மாட்டி, மடிக்காமல் வையுங்கள். தையல் டேப் ஓரம் கிளம்பியிருந்தால் அடுத்த மழைக்கு முன்பே ஒட்டிவிடுங்கள், அதற்கென்று டேப் தனியாகவே கிடைக்கிறது, மேலே மெல்லிய துணி வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும்.