ஃபார்மட் அடிக்காமல் விண்டோஸை மீட்பது எப்படி?

ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, அப்டேட் பாதியில் நிற்கிறது, செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், "ஓஎஸ் புதுசா போட்டுடலாம்" என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். நிறுவி வைத்த மென்பொருள், பிரின்டர் டிரைவர், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் போய் அவதிப்படுவது நீங்கள்தான். டெஸ்க்டாப் வரை பூட் ஆகிற விண்டோஸ் 10, 11 கணினியில் பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. இருக்கிற விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி நிறுவினால் சிஸ்டம் கோப்புகள் புதிதாகும், உங்கள் கோப்புகளும் மென்பொருளும் அப்படியே இருக்கும்.

ஆனால் முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் நிலை நிறத்திலேயே தெரியும். நீலம் என்றால் மேலே போகலாம். மஞ்சளோ சிவப்போ காட்டினால் ரிப்பேரை மறந்துவிட்டு, கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. மறுநிறுவல் பல ஜிபி எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே போய்விடலாம். டிஸ்க் நன்றாக இருந்தாலும் முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டளைகளை அடிக்கும் கருப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, இரண்டு கட்டளைகளை ஆங்கிலத்தில் அடியுங்கள். முதலாவது: டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப்-இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரீஸ்டோர்ஹெல்த். இது 62.3 சதவீதத்தில் வெகுநேரம் உறைந்தது போல நிற்பது சகஜம், மூடிவிடாதீர்கள். இரண்டாவது: எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இரண்டாவது கட்டளை நல்ல கோப்பை எடுக்கும் களஞ்சியத்தைச் சரிசெய்வதே முதலாவதுதான். சிறு கோளாறுகள் இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் மறுநிறுவல். புதிய விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போனால் 'ரீஇன்ஸ்டால் நவ்' பட்டன் இருக்கும். அது விண்டோஸ் அப்டேட் வழியாகவே எல்லாவற்றையும் இறக்கி நிறுவிவிடும். அப்டேட்டே கெட்டுக் கிடந்தால் அந்தப் பட்டனால் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது விண்டோஸின் நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியதை, இறக்க வேண்டியதுதான்.

பலர் சறுக்குவது இந்த ஐஎஸ்ஓவில்தான். மொழி சரியாகப் பொருந்த வேண்டும்: உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலமாக இருந்து, நீங்கள் 'இங்கிலிஷ் இன்டர்நேஷனல்' இறக்கினால் மென்பொருளை வைத்துக்கொள்ளும் தெரிவு கிடைக்காது. வெர்ஷன் இருப்பதற்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் இப்போதைய எண் தெரியும். லேப்டாப்போடு வரும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்புக்குத் தனி ஐஎஸ்ஓ தேட வேண்டாம், பொது ஐஎஸ்ஓவிலேயே அதுவும் உண்டு.

டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நீக்குங்கள், பென்டிரைவ்களைக் கழற்றுங்கள், சி டிரைவில் 25 ஜிபியாவது காலியாக வையுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரில் போடுங்கள்.

இனி ஐஎஸ்ஓவை வலது கிளிக் செய்து மவுன்ட் கொடுத்து, உள்ளே இருக்கும் செட்டப்பை இயக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்துதான் இயக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்த வழியே கிடையாது. அப்டேட் பற்றிக் கேட்டால் 'நாட் ரைட் நவ்' போதும். 'ரெடி டு இன்ஸ்டால்' திரை வந்ததும் கையை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். 'கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்ற வரி டிக்கோடு இருந்தால் மட்டும் இன்ஸ்டால். 'நத்திங்' என்றோ 'பர்சனல் ஃபைல்ஸ் ஒன்லி' என்றோ இருந்து, அதை மாற்றவும் முடியவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள், ஐஎஸ்ஓதான் தப்பு.

எஸ்எஸ்டி என்றால் ஒரு மணி நேரம் பிடிக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பாதி நாளே போகலாம். 80070070 என்ற பிழை எண் வந்தால் இடம் போதவில்லை. சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரின் வேலை. வெளிச் சாதனங்களைக் கழற்றி, டிஸ்ப்ளே, வைஃபை டிரைவர்களைப் புதுப்பித்து மறுபடி முயலுங்கள்.

முடிந்த பிறகு அப்டேட்டுகளை ஓடவிடுங்கள். கணினியை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் பழைய ரிஸ்டோர் பாயின்ட்கள் இருக்காது, அவற்றை எடுத்துவைக்கும் சிஸ்டம் புரொடக்‌ஷன் அணைந்திருக்கலாம். பார்த்து ஆன் செய்யுங்கள். பழைய விண்டோஸ் ஒரு தனி ஃபோல்டரில் பல ஜிபியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். திரும்பிப்போக 10 நாள் அவகாசம் உண்டு, அதுவரை அதைத் தொடாதீர்கள்.

டெஸ்க்டாப்பே வரவில்லையா? பூட் தொடர்ந்து தோற்றால் ரிகவரி திரை தானாக வரும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', கடைசி அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரிஸ்டோர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'ரீசெட்' கடைசி. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் மென்பொருளும் செட்டிங்ஸும் போய்விடும். ரீசெட்டுக்கு முன் அதே ரிகவரி திரையில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அதன் ஃபைல், ஓப்பன் பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும். வலது கிளிக்கில் காப்பி எடுத்து, பென்டிரைவுக்குப் போய்ப் பேஸ்ட் செய்யலாம். சி டிரைவ் அங்கே வேறு எழுத்தில் இருக்கலாம். காப்பி ஆகும்போது எந்தப் பட்டையும் ஓடாது, பெட்டி செத்தது போல நிற்கும். அது மறுபடி கிளிக்குக்கு அசையும் வரை பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்.