ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றுபோகும் புல்வெட்டும் மெஷின்: செய்யக் கூடாத தவறுகள்

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், மதுரையைச் சுற்றி ஸ்கூல் கிரவுண்டு, கல்யாண மண்டபம், தென்னந்தோப்பு என்று எங்கே பார்த்தாலும் புல் முழங்காலுக்கு வந்துவிடும். மாசியிலிருந்து மூலையில் கிடந்த மெஷினை அப்போதுதான் வெளியே இழுப்பார்கள். கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், ரெண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் விக்கி விக்கி நின்றுவிடும். பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பழகுற காலத்தில் நான் எதையெல்லாம் தப்பாகச் செய்தேனோ அதே வரிசையில் செய்கிறார்கள். அதற்காகத்தான் இது. பெட்ரோல் இருக்கா, காக் (டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) திறந்திருக்கா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது தள்ளிக்கொண்டு போகும் நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் மெஷினைப் பற்றி.

கவர்னரில் கை வைப்பது

கவர்னர் என்பது எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் அமைப்பு. அதில் கை வைப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. சோழவந்தான் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கீழே இறக்கும்போதே ஆயில் வாடை. எஞ்சின் பிளாக்கில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதற்குள் முறிந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) தெரிகிறது. என்ன நடந்தது என்று கேட்டேன். "ஏறி ஏறி இறங்குச்சுண்ணே, கவர்னர் வீக்குன்னு சொல்லி ஸ்பிரிங்கை இழுத்து மாட்டி விட்டாங்க. அதுக்கப்புறம் சும்மா பறந்துச்சு" என்றார். பறந்துச்சு என்பதுதான் விஷயமே. அளவு மீறிச் சுற்றியிருக்கிறது.

கவர்னர் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டீர்கள். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட்; திராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் விடுவது பைலட் ஜெட், அதிகம் திறந்தால் மெயின் ஜெட். பைலட் ஜெட் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குக் காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகும். வேகம் இறங்கும். இறங்கியதும் கவர்னர் திராட்டிலை (எஞ்சினுக்குள் போவதைக் கூட்டிக் குறைக்கும் கதவை) திறந்துவிடும், மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வேகம் ஏறும், ஏறியதும் கவர்னர் மூடும், மறுபடி பைலட் ஜெட்டை நம்ப வேண்டிய நிலை, மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்டுவிட்டு கவர்னர் போச்சு என்கிறார்கள். உண்மையில் அங்கே ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

சோதனை ரொம்ப எளிது. மெஷின் ஏறி இறங்கும்போது சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் லீவரை) பாதி இழுத்துப் பாருங்கள். சத்தம் ஒரே சீராக வந்துவிட்டால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஜெட் அடைப்பு, இல்லையென்றால் கார்ப்பரேட்டர் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறது. கவர்னர் ஸ்பிரிங் பக்கமே போக வேண்டியதில்லை. அதற்காகப் பாதி சோக்கிலேயே நாள் முழுக்க ஓட்டவும் கூடாது, மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி இறக்கிவிடும்.

இந்தச் சின்ன எஞ்சின்களில் கனெக்டிங் ராடு பெரும்பாலும் அலுமினியம். 3,600 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) என்பது அதற்கு உச்ச வரம்பு, பல மெஷின்களில் அதற்கும் குறைவாகவே கம்பெனி செட் செய்திருக்கும். பிளேடையும் நினைத்துப் பாருங்கள்: 21 அங்குல பிளேடு 3,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போதே அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம்ம ஊர்த் தோப்பில் கல்லும் தேங்காய் ஓடும் கிடக்காத இடம் ஏது? ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியவர் ராடை மட்டும் முறிக்கவில்லை, பின்னால் நின்று தள்ளுகிறவரின் காலையும் பணயம் வைத்தார்.

அவருக்குக் காட்டுவதற்காகவே அந்த கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் தேங்கும் கப்பின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பைலட் ஜெட்டை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தோம், துளியும் வெளிச்சம் வரவில்லை. கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊதியபின் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒரு டின் ஸ்பிரேயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் முழு எஞ்சின் வாங்கினார்.

ஜெட்டை ஊசியால் குத்துவது

ஜெட் பித்தளை, ஊசி இரும்பு. ஒருமுறை துளை பெரிதானால் ஆனதுதான், அப்புறம் கரும்புகையும் நனைந்த பிளக்கும். ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியை மெதுவாக விடுங்கள், மிச்சத்தை ஸ்பிரேயும் காற்றும் பார்த்துக்கொள்ளும்.

பழைய பெட்ரோல் மேல் புதுப் பெட்ரோல்

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் அதுவும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்காரும். கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் போவது அடியிலிருந்துதான், ஆகவே மேலே ரெண்டு லிட்டர் புதிதாக ஊற்றினாலும் முதலில் போவது அந்தத் தண்ணீர்தான். முழுக்க வடித்துவிடுங்கள், கார்ப்பரேட்டர் கப்பின் அடி ஸ்குரூவையும் திறந்து. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் ரெண்டு அடுக்காகத் தெரியும். மழை முடிந்து மெஷினை ஓரங்கட்டும்போதே பெட்ரோல் காக் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுவிட்டு, டேங்கையும் காலி செய்து வைத்தால் அடுத்த ஐப்பசியில் இந்தப் பாடு இல்லை.

டேங்க் மூடியை மறப்பது

கால் மணி நேரம் ஓடி நிற்கிறதா? மூடியைத் திறந்து மூடி மறுபடி இழுங்கள். ஓடினால் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

தப்பான பக்கம் சாய்ப்பது

பிளேடில் சிக்கிய புல்லை எடுக்க மெஷினைச் சாய்க்கும்போது ஏர் பில்டரும் கார்ப்பரேட்டரும் மேலே இருக்க வேண்டும். கீழே போனால் ஆயில் பில்டருக்குள் இறங்கும். மெஷின் வெள்ளைப் புகை விட்டு மூச்சு முட்டி நிற்கும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதியும் அந்த ஆயிலில் ஒட்டிக்கொண்டால் பில்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆறவிட்டு பிளக்கைப் பார்ப்பது

சூடானபின் மட்டும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல் சந்தேகம் வர வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பொறி நன்றாகத்தான் வரும், காயில் நல்லது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நின்ற அந்த நிமிஷமே, கையில் துணி சுற்றிக்கொண்டு, பிளக்கைக் கழற்றுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்து, டெஸ்டரில் பொறியும் இல்லை என்றால் காயில். காய்ந்திருந்து பொறி வந்தால் மறுபடி கார்ப்பரேட்டர் பக்கம் போங்கள். சோதிக்கும் இடத்தில் சிந்திய பெட்ரோல் இருக்கக் கூடாது.

பிளக் ஒயரைக் கழற்றாமல் பிளேடைத் தொடுவது

கூடவே கூடாது.