பொட்டாசியம் குறைக்கும் கால்சியம் பவுடர்: எப்படிக் கலக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம் ஏறினால் எழுதித் தரும் கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் பவுடர், எலும்புக்கான கால்சியம் அல்ல. குடலில் கால்சியத்தை விட்டுவிட்டுப் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும் பிசின் இது. தண்ணீரில் கரையாது, கரையவில்லையே என்று வெந்நீர் ஊற்ற வேண்டாம், சூடு அதன் வேலையைக் கெடுக்கும்.

15 கிராம் பாக்கெட்டுக்கு 50-60 மில்லி சாதாரணத் தண்ணீர் போதும். நீர் அளவு கட்டுப்பாடு இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள். கலக்கி, அடியில் தங்குமுன் குடித்துவிட வேண்டும். இளநீரிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் கலப்பவர்கள் உண்டு. இரண்டிலும் பொட்டாசியம்தான் நிறைய!

நிமிர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். புரை ஏறித் துகள் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. மற்ற மாத்திரைகளுக்கு முன்னும் பின்னும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

மலச்சிக்கல் வந்தால் பவுடரை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சார்பிட்டால் உள்ள பேதி மருந்தை நீங்களாகச் சேர்க்கவே கூடாது, குடல் திசு அழுகிய நிகழ்வுகள் உண்டு. பவுடர் வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். படபடப்போ தசைத் தளர்ச்சியோ இருந்தால் பவுடரைத் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.