அயல் காலத்துக் கலைப்படைப்புகளைப் பார்ப்பது எப்படி

வேறு காலத்தில், வேறு நாட்டில் செய்யப்பட்ட ஒரு சிற்பத்தின் முன்னோ ஓவியத்தின் முன்னோ நிற்கும்போது, நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்டுக்கொள்வது இது அசலைப் போல இருக்கிறதா என்பதைத்தான். நிழற்படத்துக்கும் நாட்காட்டிப் படத்துக்கும் பழகிய கண்ணுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் உலகின் கலைப்பொருள்களில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்: இதை யார், எங்கே, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பார்கள் என்று எண்ணிச் செய்தார்கள்? இதற்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டாலே, அதுவரை விறைப்பாகவோ விகாரமாகவோ தோன்றிய பல பொருள்கள் வேறுவிதமாகத் தெரியத் தொடங்கும்.

அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடித்துவிட முயலக் கூடாது. மூன்று நான்கு பொருள்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடமாவது நிற்பதே பயன் தரும். பெயர்ப்பலகையை முதலில் படிக்க வேண்டாம். படித்துவிட்டால் கண் அதில் சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தால், பார்ப்பதைக் கோடுகளாக வரைந்து பார்க்கலாம். வரையத் தெரியாதவர்களுக்கே இது கூடுதலாக உதவும், ஏனெனில் இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பனவற்றை வரைய முயலும்போதுதான் அவற்றை நாம் பார்க்கவே இல்லை என்பது தெரியவரும்.

நமக்கு அருகில் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சிக்களம் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்திலும் அவற்றின் மிக உயர்ந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன. தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் களிமண்ணை அடுக்கடுக்காகப் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கும் முறை இது. வார்ப்பை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒவ்வொரு திருமேனியும் ஒற்றைப் படைப்பு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் செய்துவருகிறார்கள். கல்லைச் செதுக்குகிறவர் வெளியிலிருந்து உள்நோக்கி நீக்கிக்கொண்டே போகிறார். மெழுகில் வேலை செய்கிறவரோ விரலால் அழுத்தியும் சேர்த்தும் உருவத்தை வளர்க்கிறார். தோளிலும் வயிற்றிலும் தெரியும் அந்த மென்மை இங்கிருந்து வருகிறது.

இனி பீடத்தைக் கவனியுங்கள். அதில் காணப்படும் துளைகளும் வளையங்களும், இவை உற்சவ மூர்த்திகள், கழிகளைச் செருகித் தோளில் சுமந்து வீதியுலா கொண்டு செல்லப்பட்டவை என்பதைச் சொல்கின்றன. அதாவது தீப்பந்தங்களின் அசையும் வெளிச்சத்தில், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, பட்டும் மாலையும் நகையும் போர்த்திய நிலையில்தான் பக்தர்கள் இவற்றைக் கண்டார்கள். கண்ணாடிப் பேழைக்குள் நாம் வியந்து நிற்கும் உடல்வளைவு வழிபடுவோர் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிந்ததே இல்லை. இந்த முரணைப் பார்வையாளர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சில திருமேனிகளின் முகம் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதைக் குறை என்று கருத வேண்டாம். அபிஷேகமும் துடைத்தலும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்ததன் அடையாளம் அது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர், கல்வெட்டின்படி கி.பி. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். கால்களைக் குறுக்கிட்டு, வலக்கையைக் காளையின்மேல் சாய்த்து நிற்கும் சிவன். காளையோ இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கை எதன்மேல் கிடக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. முன்னிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், இயன்றால் பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் சென்று, முடியை நாகங்களால் சுற்றிக் கட்டியிருக்கும் தலைப்பாகையைப் பாருங்கள். இந்தியச் செப்புத் திருமேனிகளில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே என்பது என் கருத்து.

சீனச் சுருள் ஓவியம் வேறொரு பழக்கத்தைக் கேட்கிறது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, சாங் செதுவான் வரைந்ததாகக் கருதப்படும் சிங்மிங் திருநாளின் ஆற்றங்கரைக் காட்சி, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் சுமார் 25 சென்டிமீட்டர், நீளமோ ஐந்து மீட்டருக்கும் மேல். முழுவதையும் ஒரே நேரத்தில் விரித்துவைத்துப் பார்ப்பதற்காக அது வரையப்படவில்லை. மேசைமேல் வைத்து, வலப்பக்கத்திலிருந்து ஒரு கை நீளத்துக்கு விரித்து, பார்த்து முடித்ததைச் சுருட்டிக்கொண்டே இடப்பக்கம் நகர்ந்தால், நாட்டுப்புறத்தில் தொடங்கி நகரத்துக்குள் நடந்து போவதாக அமையும். நடுவில் ஒரு வளைவுப் பாலம் வருகிறது. அதன் அடியில் நுழைய வேண்டிய படகின் பாய்மரம் இன்னும் முழுதாகச் சாயவில்லை. பாலத்தின் மேலிருந்து மக்கள் கைகளை ஆட்டிக் கத்துகிறார்கள். இந்தப் பதற்றம் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டுமானால், இணையத்தில் பார்ப்பவர்களும் படத்தைப் பெரிதாக்கி வலது ஓரத்தில் தொடங்கி மெல்ல நகர்த்த வேண்டும்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தையும் வலமிருந்தே பார்த்துப் பழகலாம், ஏனெனில் அந்நாட்டு வாசகரின் கண் அத்திசையில்தான் செல்லும். அப்படிப் பார்த்தால், மூன்று படகுகளோடு சேர்ந்து நாமும் அலையை எதிர்கொள்கிறோம். 1831ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த இந்த மரச்செதுக்கு அச்சு, கையில் பிடித்துப் பார்க்கும் அளவிலானது. அகலம் நாற்பது சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஓவியர், மரம் செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என்ற நால்வரின் உழைப்பால் உருவாகி, சாதாரண நகரவாசிகள் வாங்கும் விலையில் விற்கப்பட்டது. ஆகவே இதில் அசல் எது என்று தேடுவதில் பொருளில்லை. முந்தைய அச்சில் கோடுகள் கூர்மையாகவும், பலகை தேய்ந்தபின் எடுத்ததில் மங்கலாகவும் இருக்கும். வெவ்வேறு அருங்காட்சியகங்களின் பிரதிகளை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெரியும்.

உருவங்களின் அளவைப் பற்றியும் ஒரு சொல். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்பது பல மரபுகளுள் ஒன்றின் விதி மட்டுமே. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கணக்காக வகுக்கப்பட்டது. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பித்தளைத் தகடுகளில் ஓபா என்னும் மன்னர் பெரிதாகவும், பணியாட்கள் தகுதிக்கேற்பச் சிறிதாகவும் நிற்பார்கள். அஜந்தாவின் 17ஆம் குகையில் மனைவி யசோதரையும் மகன் ராகுலனும் பார்த்து நிற்க, புத்தர் அவர்களைவிடப் பல மடங்கு ஓங்கி நிற்கிறார். இவ்விரண்டையும் அளவு தவறியவை என்று சொல்பவர், அளவு இங்கே தூரத்தையல்ல, மதிப்பைக் காட்டுகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

எதிரில் இருப்பது முழுப்பொருள்தானா என்பதையும் விசாரிக்க வேண்டும். பெனின் தகடுகள் அரண்மனைத் தூண்களில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தவை. 1897இல் பிரிட்டிஷ் படை அந்நகரைத் தாக்கிக் கொள்ளையிட்டபின் உலகெங்கும் சிதறின. இன்று தனித்தனியே தொங்கும் ஒவ்வொன்றும் ஒரு பெரும் தொகுப்பிலிருந்து பிரிந்தது. கிரேக்கப் பளிங்குச் சிலைகள் வண்ணம் தீட்டப்பட்டிருந்தவை; அவற்றின் வெண்மையில் தூய்மையைக் கண்டவர்கள் உண்மையில் உதிர்ந்துபோன வண்ணத்தைப் போற்றினார்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் முடித்த, நகரக் காவல்படையைக் காட்டும் இரவுக் காவல் ஓவியத்தை, 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்கு மாற்றியபோது சுவரில் பொருந்தாததால் நான்கு பக்கமும் வெட்டினார்கள். முதலில் நடுவுக்குச் சற்று வலப்புறம் நின்ற படைத்தலைவர்கள் இப்போது ஏறத்தாழ நடுவிலேயே நிற்பது அதனால்தான்.

ஒப்பீட்டை ஒரே மரபுக்குள் தொடங்குங்கள். மாமல்லபுரத்தின் மகிடாசுரமர்த்தினி குகையில், சிங்கத்தின்மேல் பாய்ந்து வரும் துர்க்கையின் முன் எருமைத்தலை அசுரன் பின்வாங்கிச் சாய்கிறான். போர் இன்னும் முடியவில்லை. சோழர் கோயில்களின் வடபுறச் சுவர் மாடத்திலோ, எருமைத் தலையின்மேல் அவள் அமைதியாக நிற்கிறாள், எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே கதையின் எந்தக் கணத்தை எதற்காகத் தேர்ந்தார்கள் என்று கேட்கப் பழகியவருக்கு, பிறகு இத்தாலியச் சிலுவைக் காட்சியையும் பிளமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதியின்) சிலுவைக் காட்சியையும் வேறுபடுத்துவது கடினமாக இராது.

வெளிநாடு செல்ல இயலாதவர்களுக்கு அருங்காட்சியக இணையதளங்கள் பெரிய துணை. பிளமிஷ் ஓவியர் யான் வான் எய்க் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதியர் படத்தில், சுவரில் தொங்கும் குவிகண்ணாடியைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு வட்டங்களில் இயேசுவின் பாடுகள் தீட்டப்பட்டிருப்பதை, லண்டனில் நேரில் நிற்பவரைவிடத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர் தெளிவாகக் காணலாம். ஆனால் திரை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். ஆகவே படத்தைத் திறந்தவுடன் அதன் உயர அகலங்களைத் தேடி, வீட்டுச் சுவரில் அந்த அளவுக்குச் சுண்ணக்கட்டியால் நான்கு மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ போன்றோரின் மாபெரும் வண்ணத்திரைகளுக்கு இந்த உபாயமும் போதாது. மங்கிய வெளிச்சத்தில் மிக அருகில் நின்று, பார்வையின் ஓரம்வரை வண்ணம் நிறைந்திருக்கும்படி பார்க்க வேண்டியவை அவை. கைப்பேசியில் அவை இரண்டு மூன்று செவ்வகங்கள் மட்டுமே. அவற்றைப் பற்றிய தீர்ப்பை, ஒன்றையாவது நேரில் காணும்வரை ஒத்திவையுங்கள்.