பந்து கையில் நிற்காத நாட்களில் பிள்ளைக்கு என்ன செய்யலாம்

அக்காவின் மகளுக்கு 13 வயது. பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் மிதவேகப் பந்து வீசுகிறாள். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று இலங்கைப் பெண்கள் ஆசியக் கிண்ணத்தை எடுத்தார்களே, அன்று தொடங்கிய ஆசை. முதல் வருடம் பந்து அவள் நினைத்த இடத்தில்தான் விழுந்தது. இந்த வருடம் ஓர் ஆட்டத்தில் இரண்டு ஓவரில் ஏழு வைட், மூன்று நோபோல் (முன்கால் கோட்டைத் தாண்டி வீசிய பந்து). மூன்றாவது ஓவர் கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டமும் அதே கதை. அதன் பிறகு, "வயித்துக்குள்ள என்னவோ செய்யுது சின்னம்மா" என்று பயிற்சிக்கே போகமாட்டேன் என்றாள்.

நான் கிரிக்கெட் ஆடியவள் இல்லை. வலைப்பந்தில் கோல் ஷூட்டராக இருந்தவள். பத்தடி உயர வளையத்துக்குள் நினைத்தபடி போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு பருவம் முழுக்க ஒன்றுமே விழவில்லை. முழங்கையை உள்ளே எடு, முழங்காலை மடி, பந்தை உயர விடு என்று எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொன்னார்கள். எட்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்து, கடைசியில் பந்தைத் தூக்கவே கை கூசியது. அதனால் பெறாமகளின் விஷயத்தில் முதலிலேயே ஒன்றை முடிவு செய்தேன்: புதிதாக எதையும் அவள் தலையில் ஏற்றுவதில்லை. எது அவளைக் குழப்புகிறதோ அதை ஒவ்வொன்றாக இறக்கிவைப்பது. இங்கே எழுதுவது அந்த ஆறு கிழமையில் செய்தவை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். ஸ்கூட்டியில் பின்னால் இருக்கும் பிள்ளை அழுகிறதா என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். வந்ததும் சாப்பாடு, குளிப்பு, நித்திரை. அவளாக வாயைத் திறந்தால் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது மூன்றாம் நாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது நடந்தது.

அடுத்தது உடம்பு. இதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கவேண்டும். "நோகுதா?" என்று கேட்டால் அணியை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் "இல்லை" என்றுதான் பதில் வரும். சப்பாத்துக் கட்டக் குனியும்போது, பின்னால் வளைந்து சோம்பல் முறிக்கும்போது முகத்தைப் பாருங்கள். வேகமாக வீசும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகு எலும்பில் நுண்ணிய வெடிப்பு வருவதுண்டு. வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், பின்னால் வளையும்போது வலி கூடினால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை ஒரு பந்துகூட வேண்டாம். இங்கிலாந்து கிரிக்கெட் சபை தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து 5 ஓவருக்கு மேலும், ஒரு நாளில் 10 ஓவருக்கு மேலும் வீசக்கூடாது, 15 வயதுக்குட்பட்டவருக்கு அது 6, 12. பாடசாலையில், ஒழுங்கையில், வளவில் என்று வீசுவதை எல்லாம் கூட்டிப் பாருங்கள். நாங்கள் கூட்டிப் பார்த்தபோது ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் 17 ஓவர் வந்தது.

மாதவிடாய் நாட்களைப் பற்றியும் வெட்கமில்லாமல் கேளுங்கள். ஆண் பயிற்றுவிப்பாளரிடம் பிள்ளை அதைச் சொல்லமாட்டாள். பாடசாலை விட்டு, ரியூசன் முடித்து, மத்தியானச் சாப்பாட்டோடு ஐந்து மணிக்குப் பந்தை எடுக்கும் பிள்ளைக்கு முதலில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கிளாஸ் மோரும் கொடுங்கள்.

இனிக் கொப்பி. ஒரு கிழமைக்குப் பிள்ளையைத் திருத்தாமல், பிழைத்த பந்து எந்தப் பக்கம் போனது, முன்கால் எங்கே விழுந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவுக்குப் பின்னால் வெங்காயம் கிண்டி முடிந்த செம்மண் தரை இருக்கிறது. பின்னேரம் தண்ணீர் தெளித்து இறுக்கிவிட்டால் காலடி அப்படியே பதியும். மற்றிங் (பாய்) விரித்த மைதானம் என்றால் தடம் தெரியாது. வெண்கட்டியால் கோடு போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கவேண்டும்.

கொப்பியில் தெரிந்தது இதுதான். வைட் எல்லாம் லெக் பக்கம், அதாவது துடுப்பாட்டக்காரரின் கால் பக்கம். முன்கால் ஒருமுறை கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், அடுத்த முறை கோட்டைத் தாண்டி. ரன்-அப்பை, அதாவது வீச ஓடிவரும் தூரத்தை, எப்படி அளக்கிறாய் என்று கேட்டேன். ஒரு சப்பாத்தின் குதிக்கு மற்றதன் நுனியை வைத்து 38 சப்பாத்தடி எண்ணுவாளாம், போன வருடம் போலவே. ஆனால் தை மாதம் வாங்கிய சப்பாத்து முந்தியதைவிட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். 38 அடிக்கு 38 சென்ரிமீற்றர்! தொடங்கும் இடம் அவ்வளவு பின்னால் போய்விட்டது. இன்னொரு பக்கம் பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்து கால் எட்டும் நீண்டுவிட்டது. இரண்டும் சேர்ந்து கணக்குக் குழம்ப, ஓடும்போதே குனிந்து கோட்டைத் தேடத் தொடங்கியிருக்கிறாள். தலை குனிந்தால் தோளும் சரியும், பந்து லெக் பக்கம் போகும். நோபோல் பயத்தில் வந்த வைட் அது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ரன்-அப்பைப் புதிதாக அளக்கும் முறை சுலபம். விக்கெட்டை எடுத்துவிடுங்கள். முன்கோட்டில், அதாவது விக்கெட் நடப்படும் கோட்டிலிருந்து 4 அடி முன்னால் உள்ள கோட்டில், துடுப்பாட்டப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச்சொல்லுங்கள். அங்கிருந்து மறுபக்கம் ஓடி, எங்கே வீச வருகிறதோ அங்கே வீசட்டும். முன்கால் விழுந்த இடத்தில் ஓர் ஈர்க்கைக் குத்துங்கள். ஆறு தரம் செய்தால் நான்கு ஈர்க்காவது பக்கம் பக்கமாக நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து கோடு வரை அளவு நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இனிமேல் எந்த மைதானத்திலும் நாடாதான், சப்பாத்து இல்லை. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) முகத்தில் அடிக்கும் நாளில் அரை அடி முன்னால் தொடங்கலாம் என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார், அதுவும் சரியாக இருந்தது.

பந்தையும் பாருங்கள். எங்கள் பிள்ளை ஒரு கிழமைக்குள் மூன்று விதமான பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கையில் அண்ணன்மாரோடு மென்பந்து, அது 60 கிராமும் இல்லை. பாடசாலையில் பெண்களுக்கான தோல் பந்து, 140 முதல் 151 கிராம். வீட்டில் நான் தெரியாமல் வாங்கிக் கொடுத்தது ஆண்களின் பந்து, 156 முதல் 163 கிராம். ஒரே கையால் மூன்றையும் ஒரே இடத்தில் விடச்சொன்னால் அது எப்படி விடும்? யாழ்ப்பாணத்தில் மென்பந்தை விட்டு யாரும் வளரமுடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. பந்து மறுபடி கையில் நிற்கும்வரை ஒரே பந்து, அவ்வளவுதான். அண்ணன்மார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மூன்று கிழமை பொறுத்தார்கள்.

பயிற்சியைத் துடுப்பாட்டக்காரர் இல்லாமல் தொடங்குங்கள். 22 யார் தூரம் முதல் நாளே வேண்டாம். பாதித் தூரத்தில் நின்ற இடத்திலிருந்து ஆறு பந்து, அப்புறம் இரண்டு எட்டு வைத்து, சில நாள் கழித்து முழு ஓட்டம். விக்கெட்டைக் குறிவைக்கச் சொல்லாமல், விக்கெட்டிலிருந்து சுமார் 5 மீற்றர் முன்னால் ஒரு வெறும் உரப்பையை விரித்து நாலு மூலைக்கும் கல் வையுங்கள். பையில் விழுந்தால் ஒரு கோடு. முதல் நாள் 24 பந்துக்கு 5. பத்தாம் நாள் 13. நடுவில் ஒரு நாள் 4க்கு இறங்கியது, அதையும் எழுதினோம். நல்ல பந்தோடு நிறுத்தவேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஒரு நல்ல பந்தைத் துரத்தி 24 பந்து 50 ஆகும், கை சோரும், பிழை பழகும். 24 என்றால் 24.

பந்துக்குப் பந்து செய்வதற்கு ஒரு சின்னப் பழக்கம் கொடுங்கள். தொடங்கும் இடத்தில் நின்று தையலில் விரலை வைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு, மனதுக்குள் ஒரு சொல். சொல்லைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இவள் எடுத்த சொல் "வாளி". வீசும்போது கிணற்றடி வாளி நேரே கண்ணில் பட்டதாம். வாளியைப் பார்த்து ஓடினால் கோட்டைப் பார்க்கத் தோன்றவில்லை என்றாள்.

பெரியவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம். அத்தானிடம் நேராகவே சொன்னேன்: "எல்லைக் கோட்டில நிண்டு கையைக் காட்டாதேங்கோ அத்தான், அவள் உங்களைத்தான் பாக்கிறாள்." பயிற்றுவிப்பாளரிடம், "சேர், ரெண்டு கிழமைக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று கேட்டேன். மனிதர் நல்லவர், சம்மதித்தார். உறவினர் சிலர் 2024இல் ஐ.பி.எல். வரை போன சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்தின் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்த வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவ்வளவு தூரம் போனதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பந்து கையில் நிற்காத நேரத்தில் அந்தப் பெயர் ஒப்பீடாகத்தான் பிள்ளையின் காதில் விழும். வீடியோ காட்டுவதென்றால் போன வருடம் அவளே நன்றாக வீசியதைக் காட்டுங்கள். பிழைத்ததைக் காட்டவேண்டாம்.

ஆறாம் கிழமை ஆட்டத்தில் நான்காவதாகப் பந்து கொடுத்தார்கள். முதல் பந்தே வைட். அவள் திரும்பி நடந்து, நின்று, மூச்சை விட்டதை வேலிக்கரையில் இருந்து பார்த்தேன். மூன்று ஓவர், இரண்டு வைட், நோபோல் இல்லை. விக்கெட்டும் இல்லை. வரும் வழியில் நாங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை; படலையைத் திறக்கும்போது, "சின்னம்மா, நாளைக்கு உரப்பையை விரிப்பமோ?" என்று கேட்டாள்.

வளரும் பிள்ளைக்கு இந்த அளவு நிலைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து, அன்றைக்கே ஈர்க்குக் குத்தி ரன்-அப்பையும் அளந்து கொப்பியில் ஒரே வரியில் எழுதுகிறோம். அடுத்த அளவு ஐப்பசியில், மழைக்கு முன்.