வைட்டமின் டி மாத்திரை அளவு மீறுகிறதா? எலும்பைக் காக்கக் கணக்குப் பார்க்கும் முறை

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு வலுவிழக்கும் என்பது தெரிந்த சங்கதி. அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் அடி அதே எலும்புக்குத்தான்.

முதலில், சாப்பிடும் மாத்திரை டப்பாக்கள் அத்தனையையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். கால்சியம் மாத்திரை, மல்டிவைட்டமின், காட் லிவர் ஆயில் எதையும் விடாதீர்கள். பலவற்றில் டி சத்தும் சேர்ந்தே இருக்கும். லேபிளில் 'கோலிகால்சிஃபெரால்' அல்லது 'டி3' என்ற வரியைத் தேடுங்கள். அளவு மைக்ரோகிராமில் இருந்தால் 40-ஆல் பெருக்குங்கள்: 25 மைக்ரோகிராம் என்பது 1,000 யூனிட் (லேபிளில் IU). எல்லாவற்றையும் கூட்டுங்கள். 70 வயது வரை நாளுக்கு 600 யூனிட், அதற்கு மேல் 800 போதும். மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் 4,000-ஐத் தாண்டக் கூடாது.

அதிகம் நடக்கும் தவறு 60,000 யூனிட் மாத்திரையில்தான். வாரம் ஒன்று எனச் சில வாரங்களுக்கு எழுதித் தருவதைத் தினமும் விழுங்கிவிடுகிறார்கள். அல்லது கெடு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை வாரம் என்பதை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

எலும்பில் நடப்பது இதுதான். டி மிகும்போது குடல் கால்சியத்தை அளவின்றி உறிஞ்சுகிறது. கூடவே எலும்பை அரிக்கும் செல்களும் தூண்டப்பட்டு, எலும்பிலிருந்தே கால்சியம் ரத்தத்துக்கு இறங்குகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 ஆண்டுகள் தினமும் 10,000 யூனிட் எடுத்தவர்களின் முன்கை எலும்பு அடர்த்தி, 400 எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் தரப்பட்ட மூதாட்டிகளுக்கு எலும்பு முறிவு கூடியதை 2010-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. மொத்தமாகப் போட்டுக்கொள்வது நல்லதில்லை என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ரத்தத்தில் டி அளவைக் காட்டும் பரிசோதனை அறிக்கையில் அலகைக் கவனியுங்கள். லிட்டருக்கு இத்தனை நானோமோல் (nmol/L) என்று இருந்தால், 2.5-ஆல் வகுத்தால் மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் (ng/mL) என்பது கிடைக்கும். 100 நானோமோல் என்பது வெறும் 40 நானோகிராம், பதற வேண்டாம். மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினால் நச்சாகும் அபாயம்.

தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மனக் குழப்பம் தோன்றினால், டி, கால்சியம் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். ரத்தக் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். தயசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். அது கால்சியத்தை இன்னும் ஏற்றும். டி கொழுப்பில் தங்குவதால், நிறுத்திய பிறகும் கால்சியம் இறங்க வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.